பளபளக்கும் எஞ்சின்களும் பாழாகும் நேர்மையும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை விற்க நினைப்பவர் முதலில் செய்யும் காரியம் என்ன? எஞ்சினைத் திறந்து பார்ப்பதா? எண்ணெய் கசியும் இடம் எதுவெனத் தேடுவதா? இரண்டும் இல்லை. கடைக்குப் போய் வெள்ளி நிற ஸ்பிரே டின் ஒன்று வாங்கி வருவதுதான். இருபத்தைந்து, முப்பது வருடங்கள் சேற்றிலும் மழையிலும் உழைத்துக் களைத்த எஞ்சின், மறுநாள் காலையில் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும். பெற்றோல் தாங்கியில் புதிய ஸ்டிக்கர், சில்லுகளுக்குக் கறுப்பு மினுக்கம், எஞ்சினுக்கு வெள்ளிப் பூச்சு. விளம்பரத்தில் இரண்டு சொற்கள்: "புதிது போன்றது."

இந்த இரண்டு சொற்களுக்கு எதிராகத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். தேய்ந்துபோன வர்ணத்தையும் லாக்கரையும் புதுப்பிப்பது ஒரு நல்ல கைத்தொழில். அதை நான் மதிக்கிறேன். ஆனால் கழுவாத, திருத்தாத, திறந்தே பாராத எஞ்சின் ஒன்றின் மேல் பூசப்படும் வர்ணம் புதுப்பித்தல் அல்ல, அது மறைத்தல். இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டி ஒரே விலைக்கு விற்பதை நாம் பழகிக்கொண்டுவிட்டோம். அந்தப் பழக்கத்தின் விலையைக் கொடுப்பவர்கள், கொடுக்கக் கூடிய நிலையில் இல்லாதவர்கள்.

மாத்தளை மாவட்டத்தைத் தெரியாத வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை, எல்கடுவை, றிவஸ்டன் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்தான். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவு இது. தோட்டத்து லயன்களிலிருந்து பிரதான வீதிக்கு வருவதற்கே சில மைல்கள் இறங்க வேண்டிய இடங்கள் உண்டு. பஸ் வருமா, வராதா என்பது அன்றைய மழையைப் பொறுத்தது. இங்கே மோட்டார் சைக்கிள் என்பது இளைஞர்களின் விளையாட்டுப் பொருளன்று. பிரசவத்துக்கும் பாடசாலைக்கும் மரக்கறிச் சந்தைக்கும் அதுவே வாகனம்.

அத்தகைய ஊரில் பழைய வண்டிகளுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி ஏற்பட்டது என்பதும் இரகசியமன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை இடைநிறுத்தியது. ஐந்து வருடங்களுக்குப் பின்னர், 2025 பெப்ரவரியில்தான் தனியார் பாவனை வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இன் பொருளாதார வீழ்ச்சி. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. புதிய வண்டி கைக்கெட்டாத கனியாகிவிட, மூலையில் கிடந்த பழைய ஹொண்டாக்களும் யமஹாக்களும் திடீரெனப் பொன்னாக மாறின. கிராக்கி உயர்ந்த இடத்தில் பூச்சும் உயர்ந்தது. சந்தையின் இயல்பு அது.

தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா எனத் தீர்மானிக்கப்பட்டது 2024 செப்டெம்பரில். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் விலை அத்தகைய எத்தனை நாட்களின் உழைப்பு என்று வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். கணக்கு மாதங்களில் நிற்காது. நகையை அடகு வைத்து, சீட்டுப் பணத்தை எடுத்து, கட்டாரிலோ குவைத்திலோ வீட்டுவேலை செய்யும் தாய் அனுப்பிய காசைச் சேர்த்து வாங்குகிறார்கள்.

அப்படி வாங்கிய ஓர் இளைஞனை எனக்குத் தெரியும். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளை. தனியார் வகுப்புகளில் கணிதம் படிப்பித்துச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய ஹொண்டாவை வாங்கினான். எஞ்சின் கண்ணாடி போல் மின்னியது. மூன்றாவது வாரம் ஏற்றத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. திறந்தபோதுதான் கதை வெளியே வந்தது. அடிப்பகுதி உறையில் பழைய வெடிப்பு ஒன்று. அதற்குள் உலோகப் பசை. பசையின் மேல் வெள்ளிப் பூச்சு. அதற்கு மேல் லாக்கர். சூட்டில் பசை விட்டது, எண்ணெய் வடிந்தது, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. விற்றவரிடம் போனபோது கிடைத்த பதில்: "பார்த்துத்தானே வாங்கினாய், தம்பி?"

பார்த்துத்தான் வாங்கினான். பார்க்க முடியாதபடி செய்துவிட்டல்லவா விற்றார்கள்?

இங்கேதான் நாம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தேய்ந்த வர்ணம் அழுக்கன்று. அது ஒரு வாக்குமூலம். 1970களிலும் 80களிலும் வந்த ஜப்பானிய வண்டிகளின் அலுமினிய எஞ்சின் மூடிகளுக்கு வெள்ளிப் பூச்சோ மினுக்கமோ கொடுத்து, மேலே தெளிந்த லாக்கர் அடித்தே அனுப்பினார்கள். கியர் மிதிக்குப் பக்கத்தில் சப்பாத்து உரசி உரசி லாக்கர் தேய்ந்திருந்தால், வண்டி உண்மையாகவே ஓடியிருக்கிறது என்று அர்த்தம். லாக்கரின் கீழே வெள்ளைப் புழுக்கள் ஊர்ந்தது போன்ற கோடுகள் தெரிந்தால், ஈரம் உள்ளே புகுந்து அலுமினியத்தை அரிக்கிறது. சிலிண்டருக்கும் தலைக்கும் இடையிலான காஸ்கெட் ஓரத்தில் கறுத்த எண்ணெய்ப் படலம் இருந்தால் அங்கே கசிவு. ஓரிடத்து வர்ணம் மட்டும் மஞ்சளாகிக் கருகியிருந்தால் அங்கே அளவுக்கு மீறிய சூடு. ஆணித் தலைகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் எஞ்சினை முன்பு யாரோ திறந்திருக்கிறார்கள். அனுபவமுள்ள ஒரு பாஸ் இவற்றையெல்லாம் வைத்தியர் நாடி பார்ப்பது போல் வாசித்துவிடுவார். ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை அவரிடமிருந்து பறிப்பதற்குத்தான் ஸ்பிரே டின்.

அப்படியானால் எஞ்சினுக்கு வர்ணமே அடிக்கக் கூடாதா? தாராளமாக அடிக்கலாம். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. தெரிந்த கைகள் செய்வதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற வகையில் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு: சரியான முறையைத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

முதல் வேலை வர்ணமன்று, கசிவு. எஞ்சினை மண்ணெண்ணெயாலும் சவர்க்கார நீராலும் நன்கு கழுவி உலர்த்தி, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவிச் சிறிது தூரம் ஓட்ட வேண்டும். பவுடர் எங்கே நனைகிறதோ அங்கே நோய். அதைத் திருத்தி, காஸ்கெட்டை மாற்றிய பின்னரே பூச்சைப் பற்றிய பேச்சு.

இரண்டாவது, பழைய பூச்சை அகற்றுதல். சில இடங்களில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். இரும்புக்குச் சரிவரலாம், அலுமினியத்தை அது கரைத்துத் தின்றுவிடும். வேறு சிலர் முழு எஞ்சினையும் மணல் வீச்சுக்குக் கொடுக்கிறார்கள். மணல் ஒரு துளையால் உள்ளே போனாலும் எண்ணெய் ஓடும் பாதைகள் அடைபடும். தாங்கிகள் அரைபட்டுப் போகும். அதைவிட மோசமானது, எஞ்சின் இலக்கத்துக்கு நேர்வது. உறையில் பொறிக்கப்பட்ட அந்த இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். மணலால் அது மழுங்கினால் வண்டி அநாதை. தமிழகத்துக் கோயில்களில் மணல் வீச்சால் கற்சிற்பங்களின் நுணுக்கமும் கல்வெட்டுகளின் எழுத்தும் தேய்ந்ததைப் பற்றி எழுந்த கூக்குரல் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அங்கே கல்லின் எழுத்து, இங்கே உலோகத்தின் எழுத்து. அவசரம் ஒன்றுதான்.

மூன்றாவது, எந்த இடத்துக்கு எந்தப் பூச்சு என்பது. காற்றால் குளிரும் எஞ்சினின் சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகள் அழகுக்காக வார்க்கப்பட்டவையல்ல. வெப்பத்தை வெளியேற்றவே இருக்கின்றன. அவற்றின் மேல் தடித்த எனாமலை அப்புவது, கம்பளி போர்த்தி ஓடவிடுவதற்குச் சமம். அங்கே வெப்பம் தாங்கும் சிலிக்கோன் வகை வர்ணத்தை மெல்லிய படலமாக அடிக்க வேண்டும். அது காற்றில் உலர்ந்தால் மட்டும் போதாது. சூளையிலோ, எஞ்சினைச் சிறிது சிறிதாக ஓட்டியோ சூடேற்றினால்தான் இறுகும். சாதாரண லாக்கரை அங்கே அடித்தால் சில மாதங்களில் மஞ்சளாகி உரியும். பக்க மூடிகளுக்கு லாக்கர் அடிக்கலாம். அதுவும் அலுமினியத்தைச் சுத்தம் செய்த சூட்டோடு சூடாக. தாமதித்தால் அதன் மேல் மீண்டும் ஒட்சைட்டுப் படலம் வளர்ந்துவிடும். மின்சாரத்தின் தரைக்கம்பி தொடும் இடம், காஸ்கெட் உட்காரும் முகம், எஞ்சின் இலக்கம் ஆகிய மூன்றையும் ஒட்டுத்தாளால் மூடாமல் ஸ்பிரேயைக் கையில் எடுப்பவர் இந்தத் தொழிலைப் படிக்காதவர்.

இவ்வளவுக்கும் குறைந்தது மூன்று நான்கு நாட்கள் வேண்டும். வெள்ளிப் பூச்சு வேலைக்கு அரை நாள் போதும். வித்தியாசம் எங்கே போகிறது என்று கேட்கிறீர்களா? வாங்குபவனின் தலையில்.

அடிப்பவனின் நெஞ்சிலும் போகிறது என்பதை மறந்துவிட வேண்டாம். இரண்டு பொருட்களைக் கலந்து அடிக்கும் நவீன லாக்கர்களில் ஐசோசயனேற் என்ற இரசாயனம் உண்டு. தொழில்வழி ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் அறியப்பட்ட காரணங்களில் அது ஒன்று. பழைய பெயின்டை அகற்றும் திரவங்கள் சிலவற்றில் உள்ள மெதிலீன் குளோரைட் மூடிய அறைக்குள் ஆளையே கொன்றிருக்கிறது. அமெரிக்கா 2019இல் அத்திரவங்களைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடை செய்தது. 2024இல் தடையை மேலும் விரிவாக்கியது. நம்மூரில் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தகரக் கொட்டிலுக்குள் ஸ்பிரே அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். யாருடைய மினுக்கத்துக்கு யாருடைய நுரையீரல்?

இதெல்லாம் மாத்தளையில் நடப்பதுதான் எனக்கு அதிகம் உறைக்கிறது. லாக்கர் என்ற சொல்லின் வேர் என்ன? லாக்ஷா. நாம் அரக்கு என்கிறோமே, அதுதான். மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினிலிருந்து கிடைக்கும் பொருளுக்கு வழங்கிய அந்தப் பெயர், போர்த்துக்கேயர் வாயில் புகுந்து ஐரோப்பாவுக்குப் போய், லாக்கராகித் தகர டின்னில் திரும்பி வந்திருக்கிறது. அந்த அரக்கு வேலைக்கு இலங்கையிலேயே பேர்பெற்ற இடம் மாத்தளை மாவட்டத்து ஹபுவித என்ற சிங்களக் கிராமம். அங்கே பரம்பரையாக வருவது நகவேலை. வர்ணம் கலந்த அரக்கைச் சூட்டில் இளக்கி, நூலாக இழுத்து, கைப்பிடியிலோ பேழையிலோ சுற்றி, கட்டைவிரல் நகத்தால் அழுத்தி அறுத்துக் கோலமிடுவார்கள். பின்னர் சூடுகாட்டி, தாளிப்பனை ஓலையால் தேய்த்து மினுக்குவார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு. அந்த மினுக்கம் எதையும் மறைப்பதற்கன்று. மரத்தின் மேற்பரப்பு ஒழுங்காக இல்லாவிட்டால் அரக்கு நூல் உட்காராது. அடிவேலை பிழைத்தால் மேல்வேலை காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த வேலையை உலகறிய எழுதி வைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்து குமாரசுவாமியின் மகன். 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல், வில்லியம் மோரிஸ் தம் நூல்களை அச்சிட்ட அதே அச்சியந்திரத்தில் அச்சானது. குமாரசுவாமி பிறந்த 1877ஆம் ஆண்டில்தான் மோரிஸ் இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தை ஆரம்பித்தார். எதிலிருந்து பாதுகாக்க? இடியிலிருந்தும் மழையிலிருந்தும் மட்டுமல்ல. புதுப்பிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பழையதைச் சுரண்டி எறிந்தவர்களிடமிருந்து. அதே சிந்தனை இன்று வாகனங்களுக்கும் வந்திருக்கிறது. பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம் 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், எதைச் செய்தாலும் இருப்பதைக் காப்பதே முதன்மை என்றும், செய்த மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்க வேண்டும் என்றும் வற்புறுத்துகிறது.

"ஐயா, அது சீமையிலே ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை வெளியே எடுக்கும் பணக்காரர்களுக்கு. நம்மூரில் பால்காரனுக்கும் பேப்பர்காரனுக்கும் எதற்குச் சாசனம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எனது பதில்: பணக்காரனுக்கு ஒரு வண்டி ஏமாற்றினால் இன்னொன்று இருக்கிறது. பால்காரனுக்கு இருப்பது ஒன்றே. ஆகவே "எதை மாற்றினாய், எழுதிக் காட்டு" என்ற விதி அவனுக்குத்தான் அதிகம் தேவை.

"ஏழை ஒருவன் தன் பழைய வண்டியைப் பளபளப்பாக வைத்துக்கொள்ள ஆசைப்படுவதும் குற்றமா?" என்றும் கேட்கலாம். ஒருபோதும் இல்லை. தன் வண்டிக்குத் தங்கமுலாம் பூசினாலும் அது அவன் உரிமை. பண்டிகைக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது அது. ஆனால் சுவரின் வெடிப்பைச் சுண்ணாம்பால் மூடி வீட்டை இன்னொருவனுக்கு விற்பது வேறு. எனது சண்டை பூச்சோடு அல்ல, வாய்மூடிய விற்பனையோடு.

மகாபாரதத்தில் வாரணாவதத்து அரக்கு மாளிகையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பாண்டவர்களுக்காகக் கட்டிய அந்த மாளிகை அழகுக்குக் குறைவில்லாதது. உள்ளே நெய்யும் அரக்கும் எளிதில் தீப்பற்றும் பொருட்களும். விதுரன் குறிப்பாலுணர்த்தியதால் அவர்கள் தப்பினார்கள். நம்மூர் இளைஞனுக்கு அந்த விதுரன் யார்? சட்டமா? வர்த்தகர் எவரும் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் முறையில் நடக்கக் கூடாதென்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896இலிருந்தே இருக்கிறது. ஆனால் வீட்டு முற்றத்தில் கைமாறும் வண்டிக்கு, எழுத்தில் ஒரு வரியும் இல்லாதபோது, எந்தச் சட்டத்தை எப்படி இழுப்பது? வழக்கறிஞருக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு எஞ்சின் வாங்கிவிடலாம்.

உண்மையான விதுரன் அந்தப் பாஸ்தான். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஹொண்டாக்களை ஓடவைத்தவர்கள் அத்தகைய கைகள். அந்த எஞ்சின்கள் கரிபடிந்து கறுத்திருந்தன, ஆனால் ஓடின. அந்த அறிவை நாம் "கராஜ் வேலை" என்று இளக்காரம் செய்தோம். பிள்ளையைக் கந்தோருக்கு அனுப்பவே ஆசைப்பட்டோம். திருத்தத் தெரிந்தவருக்குக் கூலி கொடுக்கத் தயங்கிய நாம், மினுக்கத் தெரிந்தவருக்குத் தயங்காமல் கொடுத்தோம். விற்பவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அதனால் நேர்மையாகாது. கறை படிந்த, கசிவில்லாத எஞ்சினை ஒதுக்கிவிட்டு மின்னும் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் நமது கண்களும் உடந்தை.

நான் கேட்பவை மூன்று. முதலாவது: பழைய வண்டி விற்கும் வர்த்தகர்கள், எஞ்சின் திறக்கப்பட்டதா, எதை மாற்றினார்கள், எப்போது வர்ணம் பூசினார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். நுகர்வோர் விவகார அதிகாரசபை இதைக் கட்டாயமாக்கலாம். இரண்டாவது: தொழிற்பயிற்சி அதிகாரசபையும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையும் மோட்டார் சைக்கிள் திருத்தத்தோடு பூச்சு வேலையையும் அதற்குரிய பாதுகாப்பு முறைகளையும் மலையகப் பிள்ளைகளுக்குத் தமிழில் கற்பிக்க வேண்டும். மூன்றாவது, வாங்குபவர்களுக்கும், தம்பிக்கு ஒரு வண்டி வாங்கவென இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் காசு அனுப்பும் அண்ணன், அக்காமாருக்கும்: நம்பிக்கையான ஒரு பாஸுக்கு ஒருநாள் கூலி கொடுத்து அழைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போகட்டும். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லட்டும். தகடுகளுக்கு இடையிலும் ஆணித் தலைகளிலும் வெள்ளிப் பூச்சு படிந்திருக்கிறதா, எஞ்சின் இலக்கம் தெளிவாக வாசிக்க முடிகிறதா என்று பார்க்கட்டும்.

பிறகு விற்பவரிடம் இரண்டே கேள்விகள் கேட்கட்டும். "இந்த எஞ்சினுக்குப் பெயின்ட் அடித்தது எப்போது? அதற்கு முதல் என்ன வேலை செய்தீர்கள்?" முதற் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரிடம் வாங்கலாம்; பூச்சு சற்று மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.